‘ஒன்னுமில்லண்ணே, ஆடலாம்’



விளையாட்டு விழா நெருங்குகிறது. செயற்குழுக் கூட்டத்தில், இந்த முறை விளையாட்டுக் காயங்களைத் தடுப்பது பற்றி நம் இதழில் ஒரு பாடம் வரவேண்டும் என்று பேச்சு வந்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூன்றாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் மாணவன். மருத்துவத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். அதைச் சொன்னேன். “ஆனா அடிபட்ட அனுபவம் உனக்குத்தானேப்பா ஜாஸ்தி” என்றார் செயலாளர் அக்கா. அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என் கணுக்கால். படிவம் 5 படிக்கும்போது ஃபுட்சால் ஆட்டத்தில் பந்தை நிறுத்தப் போய் வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. வெளிப்பக்கம் முட்டை மாதிரி வீக்கம். பாட்டி நல்லெண்ணெயைச் சூடு பண்ணி நன்றாக உருவி விட்டார். புதிதாக வீங்கிய இடத்தைச் சூடு வைத்து அழுத்தி உருவக் கூடாது என்பது இப்போது தெரிகிறது. பாட்டியைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு அது சுகமாகத்தான் இருந்தது. பத்து நாளில் வலி போய்விட்டது. மூன்றாவது வாரம் மறுபடி ஆட இறங்கினேன். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதே கால் இன்னும் மூன்று முறை மடங்கியது. ராசியில்லாத கால் என்று நானே பேர் வைத்துவிட்டேன். அத்தை ஒருபடி மேலே போய்ச் சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றத் தொடங்கினார்.

ராசி இல்லை, காரணம் வேறு. நம் மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைநார்கள் வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்ற தகவலை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் உணரிகள் அவற்றுக்குள் இருக்கின்றன. கால் சாய ஆரம்பித்த உடனே தசைகள் இறுகி அதைத் தடுப்பது இந்தத் தகவலால்தான். தசைநார் கிழியும்போது உணரியும் கெடுகிறது. எங்கள் பாடமொழியில் சொன்னால், சென்சார் பழுதான இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டுவது போல. வலி பத்து நாளில் போகும், இந்த உணர்வு அப்படித் தானாகத் திரும்பாது. சமநிலைப் பயிற்சி செய்து திரும்பவும் பழக்க வேண்டும். கணுக்கால் சுளுக்குக்கு மிகப் பெரிய அபாயக் காரணங்களில் ஒன்று, முன்பு ஒருமுறை சுளுக்கியிருப்பதுதான்.

நம்பவில்லையா? இதழைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சுவர் இருக்கட்டும். ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடி, முப்பது வரை எண்ணுங்கள். பிறகு அடுத்த கால். எப்போதோ சுளுக்கிய கால் இருந்தால் அது ஆடுவதை நீங்களே உணரலாம். பல் துலக்கும்போது தினம் இரண்டு நிமிடம் ஒற்றைக் காலில் நிற்பது என் பழக்கமாகிவிட்டது. என் தங்கை என்னைக் கொக்கு என்று கூப்பிடுகிறாள். கொக்காக நிற்க ஆரம்பித்த பிறகு அந்தக் கால் ஒருமுறைகூட மடங்கவில்லை.

காயம் என்றாலே எதிரணிக்காரன் தள்ளிவிட்டான், தரை வழுக்கியது என்றுதான் சொல்வோம். பூப்பந்து ரசிகர்களுக்கு ஸ்பெயின் வீராங்கனை கரோலினா மரினைத் தெரிந்திருக்கும். 2019-இல் ஜகார்த்தாவில் இந்தோனேசிய மாஸ்டர்ஸ் இறுதியாட்டத்தில் வலது முட்டி. 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு இடது முட்டி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முதல் செட்டை வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது மறுபடி வலது முட்டி. வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எப்படித் தள்ள முடியும்? ஏ.சி.எல். எனப்படும் முட்டியின் முன் சிலுவைத் தசைநார் பெரும்பாலும் யாரும் தொடாமலே அறுகிறது. குதித்து இறங்கும்போதும், ஓடிவந்து சட்டென்று நின்று திரும்பும்போதும்தான். முட்டி மடங்காமல் விறைப்பாக இருந்து, உள்பக்கமாகவும் சாய்ந்தால் அந்தச் சின்ன நார் மேல் விழும் இழுவிசை அதன் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். வலைப்பந்து, காற்பந்து ஆடும் தங்கைகள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

மரின் போன்றவர்கள் எல்லாம் செய்தும் காயப்படுவார்கள், அந்த அளவு வேகம், அந்த அளவு சுமை. எல்லாக் காயத்தையும் தடுத்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பெரிய பங்கைத் தடுக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வுப் பிரிவு நார்வே, அமெரிக்க நிபுணர்களோடு சேர்ந்து ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்ற வெதுப்பல் பயிற்சியை உருவாக்கியது. மொத்தம் 15 பயிற்சி, சுமார் 20 நிமிடம். முதல் எட்டு நிமிடம் மெதுவான ஓட்டங்கள். அடுத்த பத்து நிமிடம் பிளாங்க், ஒற்றைக் கால் சமநிலை, குந்தி எழுதல், குதித்து இறங்குதல், தொடைப் பின்தசைப் பயிற்சி. கடைசி இரண்டு நிமிடம் வேகமான ஓட்டமும் திரும்புதலும். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான பெண் காற்பந்து வீராங்கனைகள் 1,892 பேரை ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து கவனித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியானது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இரண்டு ஆண்டு கழித்து அதே குழு வெளியிட்ட அடுத்த கட்டுரை. பயிற்சி கொடுக்கப்பட்ட அணிகளுக்குள்ளேயே, அதை அடிக்கடி செய்தவர்களையும் நடுத்தரமாகச் செய்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அடிக்கடி செய்தவர்களின் காயம் 35 விழுக்காடு குறைவு. மருந்து ஒன்றுதான், வித்தியாசம் அதை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்பதில். இன்னொரு உதாரணம் நோர்டிக் பயிற்சி. மண்டியிட்டு, பின்னால் ஒருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னே சாய வேண்டும். ஓடும்போது தொடைப் பின்தசை பிடித்து இழுக்குமே, அந்தக் காயத்தை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. கருவி வேண்டாம், காசு வேண்டாம். ஆனால் சாம்பியன்ஸ் லீக்கிலும் நார்வேயின் முதல்நிலை லீக்கிலும் ஆடிய 50 கழகங்களைப் பற்றி 2015-இல் வந்த ஆய்வு சொல்வது, பத்தில் எட்டுக்கு மேல் அதைச் செய்யவில்லை என்று. ஒவ்வொரு கழகத்திலும் மருத்துவர் இருக்கிறார், பிசியோ இருக்கிறார். அங்கேயே அப்படி என்றால் நம் தாமான் அணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

நம் கதை நமக்குத் தெரியும். ஃபுட்சால் திடலை ஒரு மணி நேரத்துக்கு வாடகை எடுக்கிறோம். இரவு 9 மணி ஸ்லாட். வேலை முடிந்து ஜாமில் மாட்டி 8.58-க்கு வந்து சேருகிறோம். காசு கட்டிய அறுபது நிமிடத்தில் ஒன்றைக்கூட ‘வீணாக்க’ மனசு வராது. ஷூ கயிற்றைக் கட்டி, கோல் பக்கம் இரண்டு பந்து அடித்து, குனிந்து கால்விரலைத் தொட்டு, அவ்வளவுதான் வார்ம் அப் முடிந்தது. அந்தக் குனிந்து தொடுவதும் சும்மா ஒரு சடங்கு. 2014-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், அசையாமல் தசையை இழுத்து நிற்பது காயத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. நன்றாகக் குறைத்தது வலிமைப் பயிற்சி.

இங்கே ஒரு பொறியியல் மாணவனாக ஒன்று சொல்ல வேண்டும். மனிதனின் நல்ல பழக்கத்தை நம்பி இருக்கும் பாதுகாப்பை எங்கள் விரிவுரைகளில் கடைசி வரிசையில்தான் வைப்பார்கள். ஆபத்தையே எடுத்துவிடு, முடியாவிட்டால் வடிவமைப்பை மாற்று என்பார்கள். விளையாட்டிலும் அதற்கு அழகான உதாரணம் உண்டு. அமெரிக்காவில் சாஃப்ட்பால் ஆடுபவர்கள் சறுக்கி வந்து, தரையில் இறுக்கமாக நட்ட பேஸில் காலை மோதி உடைத்துக்கொண்டார்கள். 1980-களில் மிச்சிகனில், மோதினால் கழன்று வரும் பேஸை வைத்துப் பார்த்தார்கள். சறுக்கலால் வரும் காயங்கள் 96 விழுக்காடு குறைந்தன. ஆட்டக்காரர் யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

படித்ததும் எனக்கு உற்சாகம். எல்லாவற்றுக்கும் இப்படி ஒன்று கண்டுபிடித்தால் போதுமே! ஆனால் முட்டிக்கு அப்படிக் கழன்று வரும் பாகம் இல்லை. எப்படி இறங்குகிறோம், வலித்தால் சொல்கிறோமா என்பதெல்லாம் ஆடுகிறவன் கையில்தான் இருக்கிறது. காயத் தடுப்பு ஆய்வுக்கு 1992-இல் வான் மெக்கலன் வகுத்த நான்கு படிகள் புகழ்பெற்றவை: காயம் எவ்வளவு வருகிறது, ஏன் வருகிறது, தடுப்பு முறை என்ன, அது பலன் தந்ததா. 2006-இல் ஆஸ்திரேலியாவின் கரோலின் ஃபின்ச் அதில் குறை கண்டார். நிஜத் திடலில் ஆட்டக்காரரும் பயிற்றுநரும் அதை ஏற்றுக்கொண்டு செய்வார்களா என்பதையும் ஆராயாவிட்டால் எந்த முறையும் காயத்தைத் தடுக்காது என்றார். நான் இதைப் படித்தது நூலகத்தில். புரிந்துகொண்டது மருத்துவமனையில்.

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் அணியில் ஒரு தம்பி. 17 வயது, எங்கள் எல்லாரையும்விட வேகம். ஒரு வியாழக்கிழமை பயிற்சியில் குதித்து இறங்கும்போது முட்டிக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டிருக்கிறது. இரவுக்குள் வீங்கிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் கோடாலித் தைலம் தேய்த்து, பாசார் மாலாமில் ஒரு முட்டி உறை வாங்கிப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு வந்துவிட்டான். நான் அணித்தலைவன். அவன் படியில் இறங்கும் விதத்தைப் பார்த்தேன்.

“முட்டி எப்படிடா இருக்கு?”

“ஒன்னுமில்லண்ணே, ஆடலாம்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பதில்தான் எனக்கு வேண்டியிருந்தது. அவன் இல்லாமல் அரையிறுதி கஷ்டம். இரண்டாம் பாதியில், பக்கத்தில் ஒருவரும் இல்லாத இடத்தில், பந்தோடு திரும்பியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏ.சி.எல். முழுசாக அறுந்திருந்தது. முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. நார் வியாழக்கிழமையே அறுந்திருக்கலாம், பிடிமானம் இல்லாத முட்டியோடு ஆடியதால் மெனிஸ்கஸ் ஞாயிற்றுக்கிழமை கிழிந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அதாவது பாதிக் காயம் என் கண் முன்னால் நடந்தது.

அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. “நீங்க கூட இருக்கீங்கன்னுதான் தம்பி அனுப்பி வைக்கிறேன்” என்று மட்டும் சொன்னார்.

ஏன்டா சொல்லல என்று பிறகு அவனைக் கேட்டேன். “நீங்களும்தான் போன வருஷம் கால்ல டேப் சுத்திக்கிட்டு ஆடினீங்க. எல்லாரும் சிங்கம்னு ஸ்டேட்டஸ் போட்டாங்களே” என்றான். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. பெருமையாகத்தான் சொன்னான்.

நாம் எதைப் பாராட்டுகிறோம் என்பதைச் சின்னவர்கள் கவனிக்கிறார்கள். 2011-இல் மான்செஸ்டரில் நம் நாட்டின் அசிசுல்ஹஸ்னி அவாங் சைக்கிளோடு விழுந்து, ஓடுதளத்தின் மரச்சிலாம்பு கெண்டைக்காலை ஊடுருவி நிற்க, மறுபடி ஏறிக் கோட்டைக் கடந்து மூன்றாம் இடம் பெற்றார். அந்தப் படத்தைப் பார்க்காத மலேசியர் குறைவு. பிறகு அறுவை சிகிச்சை செய்து, காத்திருந்து, படிப்படியாகத் திரும்பி 2017-இல் கெய்ரினில் உலக வெற்றியாளர் ஆனாரே, அந்தக் காத்திருப்பை யாரும் படம் எடுத்துப் பகிர்வதில்லை. நானும் முதல் படத்தைத்தான் அணியின் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் சில ஏற்பாடுகளை மாற்றினோம். பையன்கள் வலியை மறைப்பது வீரத்தால் மட்டும் இல்லை, இடம் போய்விடுமோ என்ற பயத்தால். ஆகவே வலி என்று சொன்னவனின் இடமும் ஜெர்சி எண்ணும் அவனுக்கே, ஆடாவிட்டாலும் அன்றைக்கு அணியோடு பெஞ்சில்தான் இருப்பான் என்று முடிவு செய்தோம். ‘ஆட முடியுமா?’ என்று கேட்பதில்லை, அதற்கு ஒரே பதில்தான் வரும். ‘எங்க வலிக்குது, எப்ப இருந்து?’ என்று கேட்கிறோம். முதலில் தலைவன் தன் வலியைச் சொல்ல வேண்டும். நான் முதல் நாள் “இடுப்பு பிடிச்சிருக்கு” என்றதும் ஒருத்தன் சிரித்தான், பிறகு மூன்று பேர் தங்களுக்கு இருப்பதைச் சொன்னார்கள். யார் ஆடலாம் என்பதை அன்று ஆடாத ஒருவர் முடிவு செய்கிறார். ஏனென்றால் ஆடுகிற எனக்கு அதில் சுயநலம் உண்டு, அதை நிரூபித்தும்விட்டேன். இருபது நிமிடப் பயிற்சியைத் திடலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் செய்கிறோம், அங்கே வாடகை ஓடாது. தாமதமாக வருகிறவன் அதை முடித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

எந்த வலியைச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள். பயிற்சிக்கு மறுநாள் இரண்டு தொடையும் சமமாகக் கனத்து வலித்தால் அது சாதாரணம், இரண்டு மூன்று நாளில் போகும். ஒரு பக்கம் மட்டும், ஒரு புள்ளியில் குத்துவது, மூட்டு வீங்குவது, முட்டி ‘விட்டுப்போகிற’ மாதிரி இருப்பது, சத்தம் கேட்டது, நொண்டாமல் நடக்க முடியாதது, இவை எல்லாம் நிறுத்த வேண்டிய வலி. தலையில் அடிபட்டு மயக்கம், குழப்பம், வாந்தி, தலைச்சுற்றல் எதுவாக இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ‘இப்ப ஓக்கே’ என்று அவரே சொன்னாலும் கேட்காதீர்கள், அடிபட்ட மூளைதானே அதைச் சொல்கிறது. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வெயிலில் ஆடும்போது ஒருவர் உளற ஆரம்பித்தாலோ தடுமாறி விழுந்தாலோ, தண்ணீரும் ஐஸும் கொண்டு உடனே உடம்பைக் குளிர வையுங்கள். 999-க்கு அழைப்பதும் அதே நேரத்தில் நடக்கட்டும். விரதம் இருக்கிற நாளில் மதிய வெயில் ஆட்டத்தில் பெயர் கொடுக்காதீர்கள். அதை ஏற்பாட்டாளரிடம் சொல்லக் கூச்சமும் வேண்டாம்.

தம்பிக்கு அறுவை சிகிச்சை ஆகி இப்போது ஏழாவது மாதம். எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டான். வலி இல்லை, ஓடுகிறான், அதனால் தினமும் கேட்கிறான்: “அண்ணே, விழாவுல ஒரே ஒரு ஆட்டம்?” ஏ.சி.எல். அறுவைக்குப் பின் திரும்பி வந்தவர்களை நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. ஒன்பதாம் மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும் முட்டி மறுபடி காயப்படும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு கட்டை விரல் மட்டும் பதிலாக வந்தது, கோபம் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் பயிற்சிக்கு வருகிறான். கார் நிறுத்துமிடத்தில் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு எங்கள் பிளாங்க் விநாடிகளை எண்ணுவது அவன் வேலை. குதித்து இறங்கும்போது யார் பாதம் சத்தம் போடுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். சத்தம் வந்தால் முட்டியை மடக்கவில்லை என்று அர்த்தம், திரும்பச் செய்ய வேண்டும். விழா நாளன்று காலை 7.30-க்கு எல்லா அணிகளுக்கும் இந்தப் பயிற்சியைச் சேர்ந்து செய்யப் போகிறோம், முதல் ஆட்டம் 8 மணிக்கு. எண்ணுவது அவன்தான். போன வாரம் என்னை நான்கு முறை திரும்பக் குதிக்க வைத்தான்.